மாவுச்சத்து குறைந்த கிரீக் சாலட்: தண்ணீர் விடாமல் செய்யும் முறை

வீட்டில் செய்யும் கிரீக் சாலட் பெரும்பாலும் கெடுவது தண்ணீரால்தான். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர், தக்காளியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. காயைப் பொடியாக நறுக்கி, உப்புத் தூவி, எண்ணெய் ஊற்றிக் கிளறி, பிரிட்ஜில் வைத்துவிட்டு மதியம் எடுத்துப் பார்த்தால் அடியில் அரை டம்ளர் சாறு நிற்கும். மேலே காய் துவண்டு கிடக்கும். ஆலிவும் ஃபெட்டா சீஸும் கிடைக்கவில்லை என்பது இதற்கு முன்னால் சின்னப் பிரச்சினை. அவற்றுக்கு மாற்று நம் பக்கத்திலேயே உண்டு.

கிரேக்கக் கிராமங்களில் கோடைக்காலத்தில் செய்யும் சாலட்டில் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், ஆலிவ், ஃபெட்டா சீஸ், ஆலிவ் எண்ணெய், மணத்துக்குக் காய்ந்த ஆரிகானோ இலை, இவ்வளவுதான் இருக்கும். முட்டைக்கோஸ் கிடையாது, லெட்யூஸ் இலை கிடையாது, ஸ்வீட் கார்ன் கிடையவே கிடையாது. காயைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட்டு, சீஸை உதிர்க்காமல் ஒரு கட்டியாக மேலே வைப்பார்கள். தட்டில் மிஞ்சும் எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவார்கள். அந்த ரொட்டியை விட்டுவிட்டால் போதும், இது தானாகவே மாவுச்சத்து குறைந்த சாப்பாடு. தனியாக எதையும் குறைக்க வேண்டியதில்லை.

கீழே சொல்லும் அளவு இரண்டு பேருக்கு, ஒரு வேளை உணவாக. தக்காளி 250 கிராம், வெள்ளரி 200 கிராம், பச்சைக் குடைமிளகாய் 100 கிராம், பெரிய வெங்காயம் 40 கிராம், ஆலிவ் 12, உப்புநீரில் ஊறிய பனீர் அல்லது ஃபெட்டா 120 கிராம், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, காய்ந்த ஆரிகானோ முக்கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே.

சந்தையில் எதை எடுப்பது

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் காய் ஒரு குறையே இல்லை. வடகரைப்பதி, எருத்தேம்பதி தோட்டத்துக் காயும் வரும், கிணத்துக்கடவுத் தக்காளியும் வரும். எதை எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நாட்டுத் தக்காளி புளிப்பும் மணமும் உள்ளது, ஆனால் தோல் மெல்லிசு, சாறு அதிகம். நீள்வட்டமாக, கெட்டியாக வரும் ஹைப்ரிட் தக்காளி வெட்டினால் உருக்குலையாது, ஆனால் ருசி மந்தம். இரண்டையும் பாதிப் பாதி எடுத்தால் சரியாக வரும். முழுக்கப் பழுத்தும் விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்குவதாக இருக்க வேண்டும். வாங்கி வந்த தக்காளியைப் பிரிட்ஜில் வைக்க வேண்டாம். சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியின் மணம் குறைந்துவிடும். வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்பாது.

வெள்ளரியில் பிஞ்சாகப் பாருங்கள். விஷுவுக்குக் கணி வைக்கும் மஞ்சள் வெள்ளரி குழம்புக்கும் பச்சடிக்கும் ஆனது. தோல் தடிப்பு, விதை முற்றல், சாலட்டுக்கு ஆகாது. பச்சையாக நீளமாக, விதை இன்னும் நெய்போல இருக்கும் பிஞ்சே வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மார்ச், ஏப்ரல் வெயிலும் சேர்ந்து கொடி வாடும் சமயத்தில் கசப்பு வெள்ளரி அதிகம் வரும். கசப்புக்குக் காரணமான குக்குர்பிடசின் காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும் கூடுதலாக இருக்கும். அதனால் காம்புப் பக்கம் ஒரு வில்லை வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே மற்றதை வெட்டுங்கள். லேசான கசப்பு என்றால் காம்புப் பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி, தோலையும் சீவிவிடலாம். வாயை முறுக்கும் கசப்பு என்றால் காயையே தூக்கிப் போடுங்கள், வயிற்றைக் கெடுக்கும். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுப்பதால் உள்ளே இருக்கும் கசப்பு போய்விடாது.

குடைமிளகாயில் பச்சை மட்டும் போதும். சிவப்பிலும் மஞ்சளிலும் சர்க்கரை கூடுதல். கிரேக்கர்கள் போடும் மிளகாய் நம் குடைமிளகாயைவிட மெல்லிய சதை கொண்டது. அதற்கு நெருக்கமானது உண்மையில் பஜ்ஜி மிளகாய்தான். காரம் இல்லாத பஜ்ஜி மிளகாய் கிடைத்தால் குடைமிளகாயை மறந்துவிடலாம். சில காய் திடீரென்று காரமாக இருக்கும், ஆகவே ஒவ்வொன்றிலும் நுனியைக் கடித்துப் பாருங்கள். நடு நரம்பையும் விதையையும் எடுத்துவிடுங்கள்.

வெங்காயத்துக்கு மட்டும் சின்ன வெங்காயம் வேண்டாம். சாம்பாருக்கு அதை விட்டால் வேறு இல்லை, ஆனால் பச்சையாக இங்கே போட்டால் நெடி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மாவுச்சத்தும் சற்றுக் கூடுதல்.

ஆலிவ் பாட்டில் பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் பெரிய கடைகளில் இருக்கும். வளையமாக நறுக்கி, கருகருவென்று ஒரே நிறத்தில் வருவது காரநீரில் பதப்படுத்தி, இரும்பு உப்புச் சேர்த்து நிறத்தை நிலைநிறுத்தியது. ருசி சப்பென்று இருக்கும். கொட்டையோடு, ஊதா நிறத்தில், பாதாம் வடிவில் வரும் கலமாட்டா வகை விலை கூடுதல், ஆனால் 12 போதும் என்பதால் ஒரு பாட்டில் பல வேளைக்கு வரும். எதுவானாலும் உப்புநீரை வடித்து ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள்.

ஆலிவ் கிடைக்கவே இல்லை என்றால் உப்பிலிட்ட நெல்லிக்காய். கேரளச் சாலையோரக் கடைகளில் கண்ணாடிப் பரணியில் நிற்கும் அதேதான். இரண்டு காயை எடுத்துக் கொட்டை நீக்கி, நகக்கண் அளவுத் துண்டுகளாக்கிப் போட்டால் உப்பு, புளிப்பு, லேசான கசப்பு மூன்றும் வந்துவிடும். ஆலிவில் இருக்கும் கொழுப்பு இதில் இல்லை. ஒரு டீஸ்பூன் எண்ணெயைக் கூட்டிக்கொள்ளுங்கள். காந்தாரி மிளகாய் போட்டு ஊறவைத்ததை எடுத்தால் காரம் ஏறும், அது வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஃபெட்டாவுக்குப் பதில் உப்புநீர்ப் பனீர்

ஃபெட்டா செம்மறியாட்டுப் பாலில் செய்வது. வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேர்க்கலாம். குறைந்தது இரண்டு மாதம் பதமாக வேண்டும். 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரேக்கத்தில் செய்ததை மட்டுமே ஃபெட்டா என்று விற்க முடியும். இங்கே கிடைக்கும் பல பாக்கெட்டுகள் பசும்பாலில் செய்தவை. வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு நாள் முன்னதாகத் திட்டமிட்டு இதைச் செய்யுங்கள்.

ஒரு லிட்டர் கொழுப்புள்ள பால். கறந்த பசும்பால் அல்லது 6 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் பால். வீட்டில் வெள்ளாடு இருந்தால் பாதிக்கு அதன் பால் சேர்க்கலாம், ருசி ஃபெட்டாவுக்கு இன்னும் பக்கத்தில் போகும். எந்தப் பாலானாலும் நன்றாகப் பொங்கக் காய்ச்சியே ஆக வேண்டும். பச்சைப் பாலில் புரூசெல்லா போன்ற கிருமி வர வாய்ப்பு உண்டு. பொங்கியதும் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள். தயிர்போல் திரண்டு, பிரியும் நீர் பால்வெள்ளை மாறி இளம்பச்சையாகத் தெளிந்ததும் சாறு ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். நீர் இன்னும் வெள்ளையாக இருந்தால் பால் முழுக்கத் திரியவில்லை. மறுபடி லேசாகச் சூடாக்கி இன்னும் அரைக் கரண்டி சாறு விடுங்கள்.

ஐந்து நிமிடம் கழித்துத் துணியில் வடியுங்கள். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் அடுத்த வேலைக்கு முக்கியம். குழம்புக்கான பனீர் என்றால் புளிப்புப் போகத் தண்ணீரில் அலசுவோம். இங்கே அந்தப் புளிப்பு வேண்டும், அலச வேண்டாம். துணிக்குள் இருக்கும் திரளில் அரை டீஸ்பூன் உப்பைப் பிசிறி, இறுக்கிக் கட்டி, இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து, மேலே 2 லிட்டர் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை ஏற்றுங்கள். இரண்டு மணி நேரம் போதும். ஆட்டுப்பால் கலந்தது என்றால் திரள் மென்மையாக இருக்கும்; பாரத்தைப் பாதியாக்கி நேரத்தைக் கூட்டுங்கள். பாலின் கொழுப்பைப் பொறுத்து 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும்.

ஆறிய வடிநீரில் 500 மில்லி எடுத்து, 30 கிராம் உப்பும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் கலந்து, பனீரை இரண்டு கட்டிகளாக வெட்டி முழுக்க மூழ்கும்படி போட்டு, பிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். உப்பைத் தராசில் நிறுங்கள். கல்லுப்பும் பொடியுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. வெறும் தண்ணீரில் உப்புக் கரைத்து ஊறவைத்தால் பனீரின் மேல்பக்கம் கொழகொழவென்று ஆகும் வாய்ப்பு அதிகம். வடிநீரில் புளிப்பும் சுண்ணாம்புச்சத்தும் ஏற்கெனவே இருப்பதால் பனீரிலிருந்து அவை வெளியே கரைந்து போவது குறையும். மேல்பக்கம் கெட்டியாக நிற்கும். நான்கைந்து நாள் வரை இதிலேயே இருக்கலாம். நாள் ஏற ஏற உப்பும் ஏறும்.

கடைப் பனீர்தான் கையில் இருக்கிறது என்றால், காய்ச்சி ஆறிய தண்ணீர் 400 மில்லி, தயிரிலிருந்து வடித்த நீர் 100 மில்லி, அதே 30 கிராம் உப்பு. மற்றது எல்லாம் முன் சொன்னபடி. கடைப் பனீர் சற்று ரப்பர்போல் இருக்கும். பரிமாறும்போது துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிர் ஒரு மேசைக்கரண்டியைக் கட்டியின் மேல் தடவினால் அந்தக் குறை பாதி தீரும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க: ஃபெட்டாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 கிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பு. உப்புநீர்ப் பனீரையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு எடுத்தால் உப்பு கணிசமாக இறங்கும். ஆலிவையும் ஆறாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆரிகானோவும் எண்ணெயும்

கடைகளில் பிட்சாவோடு தரும் சிறு பொட்டலத்தில் இருப்பது பல சமயம் ஆரிகானோ மட்டும் அல்ல. உப்பும் மாவுப்பொருளும் கலந்த மசாலா. உறையைப் படித்துவிட்டுப் போடுங்கள். உண்மையான காய்ந்த ஆரிகானோவை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் மணம் உடனே எழும்.

அது இல்லாத வீட்டில் கற்பூரவல்லி இருக்கும். மலையாளத்தில் பனிக்கூர்க்கை என்று சளிக்குக் கசாயம் போடும் அதே செடி. ஆரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் இதிலும் உண்டு. ஆனால் இலை தடிமன், நீர் அதிகம். வெயிலில் வைத்தால் காய்வதற்குள் கறுத்துவிடும். அதனால் பச்சையாகவே, நடுத்தர அளவில் இரண்டே இலை எடுத்து, நரம்பை நீக்கி மயிரிழையாக நறுக்கி, எண்ணெயில் போட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். மூன்றாவது இலை போட்டால் சாலட் கசாய வாசனை அடிக்கும்.

எண்ணெயில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மாவுச்சத்தைக் குறைக்கும்போது வயிறு நிறைவது கொழுப்பாலும் புரதத்தாலும்தான். எண்ணெயையும் குறைத்து, சீஸையும் குறைத்தால் நான்கு மணிக்குக் கை முறுக்கு டப்பாவைத் தேடும். எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்று எழுதியதை வாங்குங்கள். போமஸ் என்று எழுதியது பொரிப்பதற்கு, பச்சையாக ஊற்ற ருசிக்காது. தேங்காய் எண்ணெய் இங்கே சரிப்படாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், குளிர்ந்த காயில் பட்டதும் வெள்ளை வெள்ளையாகத் திரளும். செக்கு நல்லெண்ணெயை ஆலிவ் எண்ணெயோடு ஒன்றுக்கு இரண்டு என்று கலந்தால் பரவாயில்லை, தனியாக ஊற்றினால் எள்மணம் மட்டும்தான் மிஞ்சும்.

புளிப்புக்குக் கிரேக்கர்கள் சிவப்பு ஒயின் வினிகர் விடுவார்கள், பலர் விடுவதும் இல்லை. பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தென்னங்கள்ளில் ஆன வினிகர் கிடைத்தால் அருமையாகப் பொருந்தும். கடையில் செயற்கை வினிகர் மட்டும் இருந்தால் எலுமிச்சையே மேல்.

வெட்டுவதும் கலப்பதும்

வேகவைக்காமல் சாப்பிடுவதால் காய்களை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். உப்பிலோ மஞ்சளிலோ ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் செய்யலாம், ஆனால் தேய்த்துக் கழுவுவதுதான் அழுக்கை எடுக்கும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் நல்லது. பிறகு துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரக் காயில் எண்ணெய் ஒட்டாது.

முதலில் வெங்காயம். அரை விரற்கடைக்கும் மெல்லிய வளையமாக வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் அரை டீஸ்பூன் வினிகர் விட்டுப் பத்து நிமிடம் போடுங்கள். வெட்டும்போது உண்டாகும் நெடி தண்ணீரோடு போய்விடும். பிழியாமல் வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள்.

அடுத்தது தக்காளி. ஒவ்வொன்றையும் ஆறு அல்லது எட்டு கீற்றாக, கூர்மையான கத்தியால். மழுங்கிய கத்தி தோலை நசுக்கிச் சாற்றை இறக்கிவிடும். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பை எடுத்துவிடாதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது. கீற்றுகளை ஒரு வடிகட்டியில் போட்டு, கால் டீஸ்பூன் உப்புத் தூவி, அடியில் கிண்ணம் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். இரண்டு மூன்று கரண்டி சாறு இறங்கும். தட்டில் இறங்க வேண்டிய தண்ணீர் இப்படி முன்னாலேயே இறங்கிவிடுகிறது. பத்து நிமிடம் என்பதை அரை மணி ஆக்கினால் தக்காளி துவண்டுவிடும்.

வெள்ளரியைத் தோல் பாதி, சீவல் பாதி என வரிவரியாகச் சீவி, முக்கால் அங்குலத் தடிமனில் அரைவட்டமாக வெட்டுங்கள். மிளகாய் வளையம் வளையமாக. பிரியாணிக்கு வைக்கும் சள்ளாஸ் போல மெல்லிசாகச் சீவிவிடக் கூடாது. துண்டு சிறுத்தால் வெட்டுப்பட்ட பரப்பு கூடும், அத்தனை வழியாகவும் தண்ணீர் வரும்.

இறங்கிய தக்காளிச் சாற்றில் ஒரே ஒரு மேசைக்கரண்டியை எடுத்து, வினிகரோடும் 2 மேசைக்கரண்டி எண்ணெயோடும் ஒரு மூடி போட்ட பாட்டிலில் குலுக்குங்கள். மீதிச் சாறு ரசத்துக்கு. அகலமான பாத்திரத்தில் வெள்ளரி, மிளகாய், வெங்காயம் போட்டு, குலுக்கியதை ஊற்றி, கையால் இரண்டு முறை புரட்டுங்கள். பிறகு தக்காளி, ஆலிவ், ஒரு சிட்டிகை உப்பு. இன்னும் ஒரே ஒரு புரட்டல். வெள்ளரிக்கு முன்கூட்டி உப்புப் போடுவதில்லை. எண்ணெய் பூசிய பிறகு போட்டால் உப்பு கரைவது தாமதமாகும், அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம். தட்டுக்கு மாற்றி, பனீர்க் கட்டியைத் துடைத்து மேலே வைத்து, ஆரிகானோவைக் கசக்கித் தூவி, மீதி ஒரு கரண்டி எண்ணெயை அதன் மேலேயே ஊற்றுங்கள். பனீரைச் சேர்த்துக் கிளறினால் அது கரைந்து எல்லாக் காயும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும்; சாப்பிடுகிறவர் முள்கரண்டியால் உடைத்துக்கொள்ளட்டும்.

சாப்பிட்டால் எவ்வளவு மாவுச்சத்து

நார்ச்சத்தைக் கழித்துப் பார்த்தால் தக்காளியில் 7 கிராம், வெள்ளரியில் 6, மிளகாயிலும் வெங்காயத்திலும் தலா 3, பனீரில் சுமார் 4, ஆலிவும் புளிப்பும் சேர்ந்து 2 அல்லது 3. மொத்தம் 25 கிராம் அளவில், ஆளுக்கு 12 அல்லது 13. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமிலேயே 25 முதல் 28 கிராம் இருக்கும். ஆளுக்கு 10 கிராம் அளவுக்கு இறக்க வேண்டும் என்றால் தக்காளியை 150 கிராமாகவும் வெங்காயத்தை 20 கிராமாகவும் குறையுங்கள்.

கேரட், பீட்ரூட், மாதுளை, ஸ்வீட் கார்ன், உலர்திராட்சை ஆகியவற்றில் எதைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு போய்விடும். பாட்டிலில் வரும் சாலட் டிரெஸ்ஸிங் பலவற்றில் சர்க்கரை இரண்டாவது மூன்றாவது பொருளாகவே இருக்கும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் ஒரு வேளைச் சோற்றை நிறுத்திவிட்டு இதை மட்டும் சாப்பிடத் தொடங்கினால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிட்டு மாற்றுங்கள். கூட அவித்த முட்டை இரண்டு, அல்லது எண்ணெய் அதிகமில்லாமல் வறுத்த மத்தி, அயிலை வைத்தால் முழுச் சாப்பாடு ஆகிவிடும். மீனுக்கு மசாலாவில் அரிசி மாவோ சோள மாவோ பூச வேண்டாம்.

வேலைக்கு எடுத்துப் போவதென்றால் கலக்காமல் எடுத்துப் போக வேண்டும். டப்பாவின் அடியில் மிளகாய், வெங்காயம், ஆலிவ், மேலே வெள்ளரி, தக்காளியை முழுசாக, அங்கே போய் வெட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கலவை சின்னப் பாட்டிலில். பனீர் தனி டப்பாவில், ஐஸ் பையோடு. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும் நாளில் பனீரை ஐஸ் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் சாப்பிட வேண்டாம். மீனாட்சிபுரத்திலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் அவித்த முட்டையையே எடுத்துப் போனாலும் அதற்கும் ஐஸ் பை வேண்டும்.

கலந்த சாலட் மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்காதீர்கள். உடனே வடிகட்டி, பிரிட்ஜில் வைத்து, காயை மட்டும் கெட்டித் தயிரில் போட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் இரவுக்குப் பச்சடி. ஏற்கெனவே உப்பு இருப்பதால் தயிருக்கு உப்புப் போட வேண்டாம்.